தலைவரின் வெந்நீரோட்டம்

கடலைத் தொடாமலேயே அதன் மேல்தோலின் சூட்டைச் சொல்லிவிடும் அகச்சிவப்புக் கருவியைக் கப்பலின் முன்முனையில்தான் பொருத்த வேண்டும். கப்பல் கலக்காத தண்ணீர் அங்கேதான் கிடைக்கும். கருவிக்குப் பொறுப்பான பெண் அப்படித்தான் பொருத்தியிருந்தாள். ஆய்வுக்குழுத் தலைவர் அதைக் கழற்றித் தன் அறை ஜன்னலுக்குக் கீழே மாட்டச் சொன்னார். முன்முனைக் காற்றில் கருவியோடு படம் எடுத்துக்கொண்டால், இருக்கிற நாலு முடியும் அவர் சொல் கேட்பதில்லை.

மூன்றாம் நாள் தலைவர் ஒரு வெந்நீரோட்டத்தைக் கண்டுபிடித்தார். காலை எட்டு, மதியம் ஒன்றரை, மாலை ஏழரை. கடல் சட்டென்று நான்கு டிகிரி ஏறி, அரை மணியில் இறங்கியது. கப்பல் எங்கே திரும்பினாலும் நீரோட்டமும் வளர்த்த நாய் மாதிரி கூடவே வந்தது.

"இதுக்கு என் பேரையே வச்சிடலாம்னு தலைமையகத்துக்கு எழுதப்போறேன். கட்டுரைக்கு வரைபடம் போட்டுக் கொண்டாம்மா, உன் கடிதத்துல கையெழுத்துப் போட்டுடறேன்."

அவளுடைய வேலை இந்தப் பயணத்தோடு முடிகிறது. நீட்டிப்புக் கடிதம் இரண்டு நாளாக அவர் மேசையில், காகிதம் பறக்காமல் வைத்த சங்குக்கு அடியில் தவம் கிடந்தது.

அவள் நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அண்ணே, பாத்திரம் கழுவுற வெந்நீர் எந்தப் பக்கம் போகுது?"

"தலைவர் ஜன்னலுக்குக் கீழதான். ஏன், நாத்தம் அடிக்குதாமா?"

"இல்லண்ணே. பேர் வைக்கப்போறாராம்."

மறுநாள் மதியம் வரைபடத்துக்குப் பதிலாகத் தலைவரையே கப்பல் ஓரத்துக்கு அழைத்து வந்தாள். திரையில் எண் ஏறியது. "பாத்தியா" என்று பூரித்தபடி அவர் குனிந்தார். அவருடைய நீரோட்டத்தில் தேயிலைத் தூளும் இரண்டு வெங்காயச் சருகும் மிதந்து போயின.

கீழே வட்ட ஜன்னலில் சமையற்காரரின் தலை தெரிந்தது.

"இன்னும் ரெண்டு அண்டா பாக்கி இருக்கு சார். இப்பவே ஊத்தட்டுமா, ஆராய்ச்சி முடியட்டுமா?"

தலைவர் சுற்றுமுற்றும் ஆராய்ந்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அண்ணனுக்கும்தான் சார். ஆனா வேலை இல்லாம கரையில இறங்கினா யார்கிட்ட என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது."

சங்கு நகர்ந்தது. கையெழுத்து விழுந்தது. பேனாவை மூடியபடி தலைவர் சொன்னார்: "கட்டுரைத் தலைப்பை மாத்திக்கோ. 'கடல் சூடாவதில் மனிதனின் பங்கு'. வெங்காயம் மட்டும் வேணாம்."

கருவி முன்முனைக்குத் திரும்பியது. அன்று மாலை ஏழரைக்குக் கடல் அரை டிகிரிகூட ஏறவில்லை. சமையலறையில் அவள் அண்ணனிடம் இரண்டாம் முறை சாப்பாட்டுத் தட்டை நீட்டினாள்.