வில்ஃப்ரீடின் சூடு

வில்ஃப்ரீட் மெர்டன்ஸ் இறந்து குளிர்காலம் பாதி தாண்டியும் அவருடைய உடம்புச் சூடு வீட்டை விட்டுப் போகவில்லை. உடம்பை முறைப்படி புதைத்தாயிற்று. பாதிரியார் பேசினார், வந்தவர்கள் காப்பியும் கேக்கும் சாப்பிட்டுக் கலைந்தார்கள், அதில் குறையொன்றும் இல்லை. சூடு மட்டும் வழக்கம்போல் காலையில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தது, மத்தியானம் சோபாவுக்கு மாறியது, ராத்திரி கட்டிலின் இடது பக்கம் படுத்தது. மேஜையில் அவர் பக்கம் வைத்த வெண்ணெய் உருகியது. அவர் மனைவி ரோஸ்விதா முதலில் தன் மூட்டுவலி மாத்திரையைச் சந்தேகப்பட்டாள். பிறகு வெண்ணெயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

ஹார்ட்ஸ் மலையடிவாரத்து அந்த ஊரில் யாரும் இதற்கு மூர்ச்சையாகிவிடவில்லை. வீடு அப்படிப்பட்ட வீடு. எரிவாயு விலை ஏறிய வருஷம் டாக்டர் ஹாபர்கோர்ன் ஊர் மண்டபத்தில் உரையாற்றினார். ஊசி போடுகிற டாக்டர் அல்ல. வெப்பத்தில் பட்டம் வாங்கியவர், அதை வாசல் மணிப் பொத்தானுக்கு மேலும் பொறித்து வைத்திருப்பவர். மனிதன் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு தருகிறான், ஒழுங்காக மூடிய வீட்டில் இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாலே அறையைச் சூடாக்கும் அடுப்பு தேவையில்லை என்றார். கைதட்டியவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்பை ஏற்றினார்கள். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்ற வில்ஃப்ரீட் மட்டும் நம்பினார். சுவருக்குள் காகிதப் பஞ்சை அடைத்தார், மூன்றடுக்குக் கண்ணாடி போட்டார், ரப்பர் பட்டை ஒட்டாத இடுக்கே வைக்கவில்லை. புதுக்காற்று இழுக்கும் இயந்திரத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். "ஜன்னல் எதுக்கு இருக்கு?"

பனி கொட்டினாலும் காலையும் மாலையும் எல்லா ஜன்னலையும் ஐந்து நிமிஷம் விரியத் திறந்து வைப்பது அங்கே பல் தேய்ப்பது மாதிரி. சர்ச்சுக்குப் போகாத ஆளை ஊர் மன்னிக்கும். ஜன்னல் திறக்காத ஆளை மன்னிக்காது. ரோஸ்விதா அடக்கத்துக்குப் பிறகு ஒருநாளும் திறக்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, அலமாரிக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை ஏறியது, அவளுக்கு இருமல் பிடித்தது.

பக்கத்து வீட்டு எல்ஃபி சொன்னாள்: "ஏண்டி, இந்த ஈரத்துல மீன் வளர்க்கலாம் போலிருக்கே. திறக்கலைன்னா ஈஸ்டருக்குள்ள நீயும் அவர் பக்கத்துல போய்ப் படுத்துப்பே."

"திறந்தா அவர் போயிடுவார்டி."

"உசுரோட இருந்தப்ப எங்கடி போனார்? பியர் வாங்கித் தர்றேன்னு கூப்பிட்டாலே வர மாட்டார்."

விஷயம் பரவி டாக்டர் வெப்பக் கேமராவோடு வந்தார். நாற்காலியில் சிவப்பாக ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது திரையில் தெரிந்தது. சுவர்கள் திருப்பித் தரும் எஞ்சிய வெப்பம் என்று விளக்கியபடியே டாக்டர் அதே நாற்காலியில் அமர்ந்தார். பாதி வாக்கியத்தில் துள்ளி எழுந்து, "மன்னிக்கணும்" என்று நாற்காலியிடம் சொன்னார். மீதி விளக்கம் நின்றுகொண்டே நடந்தது. ஆனால் அடுத்த வாரமே ஊர் மண்டபத்தில் தன் முறையின் வெற்றி சாவையும் தாண்டியது என்று முழங்கிவிட்டு ரோஸ்விதாவிடம் வந்தார். "வசந்தம் வரைக்கும் ஜன்னலைத் தொடாதீங்க, மெர்டன்ஸ் அம்மா. மாதிரி கெட்டுடும்."

"எது கெட்டுடும்?"

"மாதிரி. ஆய்வுக்கு எடுத்த பொருள்."

ரோஸ்விதா நீளமாக இருமினாள். நாற்பது வருஷம் தான் திட்டிய மனுஷனை இன்னொருவர் பொருள் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. ஜாடியில் அடைத்த ஊறுகாய் மாதிரி அவரைத் தானும்தான் வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. சமையலறையில் ஆரம்பித்து எல்லா ஜன்னலையும் திறந்தாள். டாக்டர் தொப்பியைத் தேடினார். வெண்ணெய் இறுகியது, நாற்காலி குளிர்ந்தது, கட்டிலின் இடது பக்கம் வெறும் துணியானது. வெளியே ஜன்னலடியிலிருந்து பேரி மரம் வரை பனி கரைந்து புல் தெரிந்தது. மரத்தடியில் சூடு நின்றுவிட்டது.

ஐந்து நிமிஷமும் தீர்ந்தது. எல்ஃபி வேலிக்கு அப்பாலிருந்து, "மூடுடி, போதும்!" என்று கத்தினாள். ரோஸ்விதாவின் கை கைப்பிடியிலேயே இருந்தது. மூடினால் அவரை வெளியே தள்ளியதாகும். மூடாவிட்டால் அவர் அடைத்த பஞ்சுக்கெல்லாம் அர்த்தமில்லை. கடைசியில் பேரி மரத்தைப் பார்த்து எரிந்து விழுந்தாள்: "என்ன நின்னுட்டிருக்கீங்க? உள்ள வாங்க, நிமோனியா வந்து செத்துத் தொலையப் போறீங்க!"

கூடத்துத் தரையில் ஈரத் தடங்கள் விழுந்தன. டாக்டரை உரசிக்கொண்டு போய் நாற்காலிவரை வந்து நின்றன. அவள் தரை துடைக்கும் துணியை எடுத்துவந்து முணுமுணுத்துக்கொண்டே துடைத்தாள்.

இருமல் வசந்தத்துக்கு முன்பே போயிற்று. பல வருஷம் காலையும் மாலையும் அவள் ஜன்னல் திறந்த நேரத்தில் பேரி மரத்தடியில் ஆள் நிற்குமளவு பனி கரைந்திருக்கும். வேலியோரம் போகிறவர்கள் அந்தப் பக்கம் தலையசைத்து "காலை வணக்கம், வில்ஃப்ரீட்" என்றுவிட்டுப் போனார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த ஒருநாள் டாக்டர் ஹாபர்கோர்னும் தொப்பியைக் கழற்றினார்.