நண்டுக்கு விழுந்த பாடு

பழவேற்காட்டு ஏரியில் பச்சை நண்டுகளுக்கு இறகு முளைத்தது 2017 ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. அன்றைக்குப் பொன்னேரி மார்க்கெட்டில் பச்சை நண்டு கிலோ அறுநூறு, இறால் நானூற்றிருபது. இறகு ரோஸ் நிறம், பூநாரைக்கு இருக்கிற மாதிரியே, ஓட்டின் இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு. வலையில் பஞ்சுமிட்டாய் மாட்டிக்கொண்டது என்றுதான் ஏரிக்குள் தீவான பசியாவரத்து ஆட்கள் முதலில் நினைத்தார்கள். பிறகு பிய்த்துப் போட்டுவிட்டுக் குழம்பு வைத்தார்கள். பொன்னேரி வியாபாரி இறகுக்கென்று கிலோவுக்கு ஐம்பது கிராம் கழித்தான். அவன் எதைத்தான் கழிக்காமல் விட்டான்!

ஏன் முளைத்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அதே புதன்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, சென்னையில் ஒரு துறையின் ஒரு மேஜையில் ஒரு ஃபைலில் கையெழுத்து விழுந்தது. பதினொன்று இருபதுக்கு ஏரியில் இறகு. நடுவில் அந்த ஐந்து நிமிஷம், பியூன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கிய நேரம்.

ஃபைலை எழுதினவள் சுராயா. பழவேற்காடு பஜாரில் கயிறும் வலைநூலும் விற்கிற அமீர் ஜான் மகள். சென்னையில் கடல் உயிரியல் படித்துவிட்டு, ஏரிக்கரையில் அரசாங்கம் கட்டிப்போட்டு மறந்துபோன ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு ரூம், தகரக் கூரை, ஒரு டைரக்டர், அவ்வளவுதான் நிலையம். அவள் சேர்ந்த தை மாதமே பசியாவரத்திலிருந்து திரௌபதி படகேறி வந்து, வெறும் நண்டு வலையை அவள் மேஜைமேல் போட்டாள். திரௌபதியும் அவள் புருஷன் சுபாஷும் நண்டை நம்பிப் பிழைக்கிறவர்கள்.

"ஏ சுராயா, அவ்ளோ படிச்சிக்கினு வந்துகீறியே, இத்த சொல்லு. இந்த வருசம் குஞ்சு நண்டு ஒண்ணுகூட ஏரிக்குள்ள வரல. இன்னாத்துக்கு வரல?"

"தெரியலக்கா. கண்டுபிடிச்சு சொல்றேன்."

"எம்பொண்ணு வைஷ்ணவி நாலாவது படிக்குது. அது பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நண்டும் வரல, நீயும் பதில் சொல்லலன்னா, வூட்டப் பூட்டிக்கினு அனுப்பம்பட்டு பக்கம் பூடுவோம். குடோன்ல வாட்ச்மேன் வேல கீதாம். எம் புருசன் இப்பவே யூனிபாரத்துக்கு அளவு குடுத்துட்டு வந்து நிக்கிறான்."

"சொல்லாம விடமாட்டேன்கா," என்றாள் சுராயா. நல்ல பெண். அந்த நல்லதனம்தான் வினையாகப் போனது.

பச்சை நண்டின் குஞ்சு ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு படகும் ஒரு மைக்ராஸ்கோப்பும் இரண்டு வருஷமும் வேண்டும் என்று அவள் எழுதி அனுப்பினாள். நண்டு என்ற தலைப்புக்கு நடப்பாண்டில் இடமில்லை என்று பதில் வந்தது. டைரக்டர் தானியேல், ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த மனுஷன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த வருஷம் பறவைம்மா. மந்திரி வீட்டம்மாவுக்குப் பூநாரைன்னா உயிரு. பறவைன்னு எழுது, உள்ளே நண்டைப் பாத்துக்கோ. யார் வந்து பாக்கப் போறான்?" அவள் 'வலசைப் பறவைகளின் வாழ்வில் பச்சை நண்டின் பங்கு' என்று தலைப்பை மாற்றினாள். அந்த ஃபைலில்தான் ஆடிப் புதன்கிழமை கையெழுத்து விழுந்தது. கேட்ட பணத்தைப்போல நாற்பது மடங்கு வந்தது. அதில் முப்பத்தொன்பது மடங்கில், ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிப் பறவைகள் நிற்க ஒரு திட்டு கட்டினார்கள். பறவைகளைப் பார்க்க ஒரு கோபுரம், கோபுரத்தைத் திறக்க ஒரு விழா, விழாவுக்குக் கல்வெட்டு. பறவைகள் அந்தத் திட்டில் ஒருநாள்கூட நிற்கவில்லை, அதுகளுக்குப் புத்தி இருந்தது. மிச்ச ஒரு மடங்கில் மைக்ராஸ்கோப் வந்தது. அதற்கு உறைபோட்டு, உறைக்குப் பூட்டுப்போட்டு, சாவியைச் சென்னையில் வைத்துக்கொண்டார்கள். நண்டுக்கு இறகு முளைத்ததைப் பார்த்த பெரிய அதிகாரிகளுக்கு ஒரே பூரிப்பு. திட்டம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று, இறகு நண்டைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு நண்டு துணைச் செயலாளரின் கட்டைவிரலைப் பதம்பார்த்தது. அது மட்டும் ரிப்போர்ட்டில் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் காற்று திசை மாறியது. பறவைக்கு மவுசு போய்ப் பழம்பெருமைக்கு மவுசு வந்தது. சுராயா பல்லைக் கடித்துக்கொண்டு 'தொன்மைக் கடல் வணிகத்தில் நண்டு' என்று எழுதினாள். கையெழுத்து விழுந்த அன்றே இறகெல்லாம் உதிர்ந்து பக்கத்துக் கோட்டைக்குப்பம் கரைவரை ரோஸாக ஒதுங்கியது, நண்டு ஓடுகளில் எழுத்து முளைத்தது. டெல்லிக்காரர்கள் வந்து பார்க்கிற வாரம் அந்த எழுத்து ஐயாயிரம் வருஷம் பழையதாக இருக்கும், ஒரு லிபியில் இருக்கும். சென்னைக்காரர்கள் வருகிற வாரம் வேறு லிபிக்கு மாறி மூவாயிரத்துக்கு வந்துவிடும். இரண்டு கோஷ்டியும் ஒரே நாளில் வந்தபோது நண்டுகள் பாவம், சேற்றுக்குள் போய்ப் புதைந்துகொண்டன. மூன்று மாநாடு நடந்தது, எல்லாவற்றிலும் சாப்பாட்டுக்கு நண்டுதான். குஞ்சு நண்டு எங்கேயென்று எவனாவது ஒருத்தன் கேட்டானா? கேட்கவில்லை, வெட்கம் கெட்டவர்கள்.

அதற்கப்புறம் எல்லாமே கம்ப்யூட்டர் என்று ஆனது. தலைப்பும் மாறியது. எழுத்து அழிந்து, நண்டின் முதுகில் கடுகளவு பச்சை விளக்கு எரிந்தது, நிமிஷத்துக்கு ஒருமுறை பீப் என்றது. எத்தனை பீப், எத்தனை நண்டு என்று தலைநகரத்துச் சுவரில் ஒரு பெரிய திரையில் ஓடிக்கொண்டே இருந்ததாம். செத்த நண்டும் பீப் என்றது, குழம்பில் வெந்ததும் பீப் என்றது, ஆகையால் திரையில் எண்ணிக்கை குறையவே இல்லை. ஏரியில் இரண்டு நாளைக்கு ஒரு நண்டு கிடைத்தால் பெரிய விஷயம் என்றிருந்த வருஷத்தில், நண்டு வளத்தில் சாதனை என்று துறைக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

ஒவ்வொரு தைக்கும் திரௌபதி வெறும் வலையோடு வந்து மேஜைக்கு எதிரே நின்றாள். முதலில் கேள்வி கேட்டாள், அப்புறம் வைஷ்ணவி எத்தனாவது படிக்கிறாள் என்று மட்டும் சொன்னாள். ஆறாவது, எட்டாவது, பத்தாவது. வைஷ்ணவி பதினொன்றாவது படித்த வருஷத்துத் தையில் அதுவும் சொல்லவில்லை. சும்மா நின்றுவிட்டுப் போனாள். சுராயா அன்றைக்கு ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தலைப்பை மாற்றி மாற்றி எழுதினதில் தானே ஒரு பீப் ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

பசியாவரத்தில் வருஷத்துக்கொருமுறை பாடு பிரிப்பார்கள். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள், அந்த இடத்துக்குப் பேர்தான் பாடு. ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. அடுத்தவன் பாட்டில் ஒருத்தன் வலை வைத்தான் என்பது இதுவரை நடந்ததில்லை. சர்க்கார் உத்தரவை மீறுவார்கள், கோர்ட்டு உத்தரவை மீறுவார்கள், சீட்டை மீற மாட்டார்கள். 2024 சித்திரையில் ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் சீட்டுக் குடத்தைக் குலுக்கும்போது, பெண்கள் பேசக்கூடாத அந்தக் கூட்டத்தில் திரௌபதி எழுந்து நின்றாள்.

"நண்டையும் ஒரு தலைக்கட்டா சேருங்க. அதுக்கும் ஒரு சீட்டுப் போடுங்க."

கூட்டம் சிரித்து உருண்டது. திருவேங்கடம் மட்டும் சிரிக்கவில்லை, அவருக்குச் சட்டம் முக்கியம். "கல்யாணம் ஆன ஆம்பளைக்குத்தாம்மா பாடு. நண்டுக்குக் கல்யாணம் ஆச்சா?"

"ஆகாமயா இவ்ளோ நாளு குஞ்சு பொறிச்சிது? ஊருல பாதிப் பேரு தாலிய அடகுல வச்சிகீறான், அவனுக்கே பாடு குடுக்கல?"

"அது வலையும் கட்டாது, ஒண்ணும் புடிக்காது. பாட்ட வச்சி இன்னா பண்ணும்?"

"அதுக்கோசரந்தான் நைனா கேக்கறேன். அந்த ஒரு எடத்துல யாரும் இன்னாவும் பண்ணாம வுடுங்க."

பெரியவர் யோசித்தார். எப்படியும் வலையில் ஒன்றும் விழப்போவதில்லை, ஒரு பாடு போனால் என்ன என்று ஒப்புக்கொண்டார். நண்டு என்று சீட்டு எழுதிப் போட்டார்கள். குலுக்கி எடுத்ததில் அதற்கு முதல் பாடே விழுந்தது, முகத்துவாரத்தை ஒட்டின நல்ல இடம். சுபாஷுக்கு வயிற்றெரிச்சல், போன வருஷம் அது அவனுடைய பாடு.

மறுநாள் திரௌபதி தன் படகில் சுராயாவை ஏற்றிக்கொண்டு அங்கே போனாள். ஃபைல் இல்லை, தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை. அதனால்தான் போலிருக்கிறது, நண்டுப் பாட்டின் எல்லைக்குள் நகர்ந்து வந்த நண்டுகளுக்கு முதுகு விளக்கு அணைந்தது, பீப் நின்றது. வெறும் நண்டு. எல்லையைத் தாண்டினால் மறுபடி விளக்கு எரிந்தது. ஏழு வருஷம் கழித்து நண்டாகவே இருந்த ஒரு நண்டைச் சுராயா கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அமீர் ஜான் மகளுக்காகக் கடையில் இருந்த மிக மெல்லிய நூலில் கொசுவலை போல ஒரு சல்லடை வலை பின்னிக் கொடுத்தார். பத்து மாதம் வாரத்துக்கு மூன்று நாள் அந்த இரண்டு பெண்களும் தண்ணீரை மொண்டு மொண்டு சலித்துப் பார்த்தார்கள். மைக்ராஸ்கோப் சாவி சென்னையிலேயே இருந்தது, அவள் நகைக்கடைப் பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டாள். வைஷ்ணவிக்குப் பொதுத்தேர்வு தொடங்கின வாரத்தில் பதில் கிடைத்தது.

"மண்ணுக்கா," என்றாள் சுராயா. படகு முகத்துவாரத்தில் நின்றிருந்தது. "குஞ்சு கடல்லேர்ந்து வருது, நெறையத்தான் வருது. இங்க வந்து மண்ணுல முட்டிட்டுத் திரும்பிப் போகுது. மொத வருஷம் மழை இல்லாம முகத்துவாரம் அடைச்சிருந்துது, அவ்ளோதான். அடுத்த மழையில தானே தொறந்திருக்கும். அதுக்குள்ள நாங்க மண்ணக் கொட்டிட்டோம். பறவைத் திட்டு கரைஞ்சு கரைஞ்சு வாய்க்கால் பூரா அந்த மண்ணுதான்."

திரௌபதி துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நாங்கன்னா யாரு?"

"நான்தான்கா. நான் எழுதின பேப்பர்லதான் அந்த மண்ணு வந்துது."

"எட்டு வருசமா வாசல்ல வந்து நின்னு கேட்டனே. கேட்ட கேள்விக்கு நீயேதான் பதிலா?"

திரௌபதிக்குக் கோபத்தில் உடம்பு ஆடியது, படகும் ஆடியது. துடுப்பை ஓங்கினவள் அதைத் தண்ணீரில் போட்டு வலித்தாள். கரை வரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள், அவள் திட்டினதை எழுதினால் இந்தப் பக்கம் தீப்பிடிக்கும். கரை சேர்ந்ததும் வீட்டுக்குள் போய் இரண்டு மண்வெட்டியோடு வந்தாள். "புடி. அழுதுக்கினே வெட்டு, யார் வேணாங்கறா?" என்று ஒன்றை அவள் கையில் திணித்தாள்.

சுராயா முறைப்படி நாலு வரி ரிப்போர்ட்டும் அனுப்பினாள். ஓய்வுக்கு ஆறு நாள் இருந்த தானியேல், வேலைக்கு வந்து முதல்முறையாக, எதையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். இந்தக் கண்டுபிடிப்பு எந்தத் திட்டத் தலைப்பிலும் அடங்காது, மேலும் பறவைத் திட்டு வெற்றித் திட்டம் என்று பதிவாகியிருப்பதால் அங்கே மண் சரிந்திருக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது. நேரில் பார்க்க ஒரு இணை இயக்குநரும் வந்தார். முழங்கால்வரை மண்ணில் புதைந்து நின்றுகொண்டு, "எங்கேம்மா மண்?" என்றார். நடிப்பென்று நினைக்க வேண்டாம், அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஷூ இரண்டும் மண்ணுக்குள் போனதுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு ஜீப் ஏறிப் போனார். அந்த மாதமே சுராயாவின் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள்.

பசியாவரமும் கோட்டைக்குப்பமும் சேர்ந்து பதினோரு நாள் வெட்டின. இல்லாத மண்ணை அள்ள யாரிடம் அனுமதி வாங்குவது? வாங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை கடல் உள்ளே வந்தது. ஐப்பசி மழைக்கப்புறம் குஞ்சு நண்டு ஏரிக்குள் வந்தது, கடுகு கொட்டினாற்போல. வைஷ்ணவி பன்னிரண்டாவது தேறிப் பொன்னேரிக் காலேஜில் சேர்ந்தாள். சுபாஷுக்குத் தைத்த யூனிபாரம் யாரோ வயலில் வைக்கோல் பொம்மைமேல் ஏறிக் குருவி விரட்ட நிற்கிறது.

துறை இன்னும் விடவில்லை. விளக்கும் பீப்பும் இல்லாத நண்டு ஒரு பாட்டில் மட்டும் திரிவது இயல்புக்கு மாறான நோயாக இருக்கலாம், அதை ஆராயப் பெருந்தொகை தருகிறோம், தலைப்பை மட்டும் நாங்கள் சொல்கிறபடி வையுங்கள் என்று சுராயாவுக்குக் கடிதம் எழுதியது. அவள் இப்போது அப்பா கடையில் கல்லாவில் உட்கார்கிறாள், வாரத்துக்கு மூன்று நாள் திரௌபதி படகில் போய்க் குஞ்சு நண்டை எண்ணிவிட்டு வருகிறாள். அந்தக் கடிதத்தில் கால் கிலோ நூல்கண்டைச் சுற்றிக் கடைக்கு வந்த ஆளுக்குக் கொடுத்தாள்.

இந்தச் சித்திரையிலும் பாடு பிரித்தார்கள். திருவேங்கடம் குடத்தைக் குலுக்கி, பட்டியலைப் பார்த்து, "நண்டு" என்று கூப்பிட்டார். படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு பச்சை நண்டு கூட்டத்துக்கு நடுவே பக்கவாட்டில் நடந்து வந்தது. வழிவிட்டார்கள். குடத்தில் ஏறி, கொடுக்கை உள்ளே விட்டு, ஒரு சீட்டைக் கவ்வி எடுத்தது. நாலாம் பாடு. சுமாரான இடம்தான், நண்டு ஒன்றும் சொல்லவில்லை, சீட்டோடு வந்த வழியே இறங்கித் தண்ணீருக்குள் போனது. பெரியவர் பட்டியலில் கோடு போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"சுபாஷு."

"கீறேன் நைனா," என்றான் சுபாஷ்.