இருபத்திரண்டு விநாடி

முகம் வேண்டாம், கை மட்டும் தெரிந்தால் போதும் என்றான் படம் பிடிக்க வந்தவன். பதினான்கு வருஷமாக இந்தக் கம்பெனிக்கும் அது மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

எங்கள் வரிசையில் பாதி மெஷின்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தாகிவிட்டது. கடல் தாண்டி, எங்களைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிற ஊருக்குப் போகின்றன. மெஷின் போனால் போதுமா? சட்டைக்குக் காலர் வைக்கிற வித்தையும் கூடவே போக வேண்டுமாம். அங்கே சேரும் பெண்கள் பார்த்துக் கற்கவும், அவர்களுக்கு டார்கெட் போடவும் என் கை ஓடுவதைப் படம் எடுக்கிறார்கள். மேனேஜர் ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றார்.

"நல்லா பண்ணிக் கொடும்மா. குடோன்ல ஒரு இடம் இருக்கு. அது உனக்குத்தான்."

முந்நூறு பேர் வெளியே போகிறோம், ஒரே ஒரு இடம். வீட்டில் இடுப்பொடிந்து படுத்திருக்கும் கணவன், பத்தாவது படிக்கும் மகள். தலையாட்டினேன்.

அந்த வாட்சை எனக்கு நன்றாகத் தெரியும். சேர்ந்த புதிதிலும் இப்படித்தான் நேரம் குறித்தார்கள். பழைய ஆட்கள் வேண்டுமென்றே இழுத்து இழுத்துத் தைத்தார்கள். எனக்கு அந்தச் சூட்சுமம் புரியவில்லை. சபாஷ் வாங்கும் ஆசையில் ஒரு காலரை இருபத்திரண்டு விநாடியில் முடித்துக் காட்டினேன், முட்டாள். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் இருபத்திரண்டு. என் நாத்தனாரும் அதே வரிசையில்தான் இருந்தாள். ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்காமல் தைத்தும் அவளுக்கு எட்டவில்லை. மூன்றே மாதத்தில் துரத்திவிட்டார்கள்.

"உங்கள யாரு அண்ணி அவ்வளவு வேகமாத் தைக்கச் சொன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கேமரா ஓடியது. தப்பாகத் தைத்துக் காட்டினால் என்ன என்று ஆத்திரத்தில் தோன்றியது. ஆனால் பாழாகும் ஒவ்வொரு காலருக்கும் ஏச்சு வாங்கப்போவது அங்கே உட்காரப்போகிற ஒருத்திதான். இவர்களுக்கு ஒரு மயிரும் உதிராது. அதனால் சரியாகத் தைத்தேன். மெதுவாகத் தைத்தேன்.

"நாப்பது!" என்றார் மேனேஜர். "என்னம்மா, விளையாடுறியா? உன் வேகம் எனக்குத் தெரியாதா?"

"வயசாயிடுச்சு சார்."

"நேத்துகூடப் பாத்தேனே! குடோன் வேலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகாராணியா? தைத்து முடித்த காலரின் நூலைக் கத்தரித்து ஓரமாக வைத்தேன்.

"இன்னொரு வாட்டி எடுங்க," என்றேன்.

மேனேஜர் முகத்தில் நிம்மதி. வாட்சின் பொத்தானில் கட்டைவிரலை வைத்துத் தயாரானார்.

புதுக் காலர் ஒன்றை எடுத்தேன். ஓரங்களை நீவி, நடு அடையாளங்கள் இரண்டையும் பொருத்தி, பெடலைப் பட்டும் படாமல் அழுத்தினேன். ஊசி இறங்குவதையும் ஏறுவதையும் யாரும் எண்ணிவிடலாம் போலிருந்தது. மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு உரக்க எண்ண ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டினார். நான் காலரின் பாதியில் இருந்தேன்.