குடித்து முடித்த கோப்பை

இவன் என் போனைப் பிடுங்கிவிட்டால் எனக்கு மிஞ்சுவது இந்தப் பன்னிரண்டு மீட்டர் குழாய்தான், என்று கணவனைப் பார்த்துத் தூர்ஹில்ட் நினைத்தாள். ஆக்சிஜன் இயந்திரம் கூடத்து மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் குழாய் அவள் மூக்கோடு சமையலறை வரை வரும். வாசலில் நின்றுவிடும்.

நுரையீரல் கெட்டவர்களின் இணையக் குழுவில் முப்பத்தொரு பேர். காலை ஒன்பதுக்குள் ஒவ்வொருவரும் குடித்து முடித்த காபிக் கோப்பையைப் படமெடுத்துப் போடவேண்டும். எழுந்தேன், குடித்தேன், இருக்கிறேன் என்று பொருள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் எழவில்லை. அசந்து தூங்குகிறாள் என்று கணவன் ஸ்டைனார் அவள் போனிலிருந்து தானே ஒரு படம் அனுப்பினான். ஆவி பறக்கும், நிறைந்த கோப்பை. வடக்கே ட்ரோம்சோ நகரில் இருந்த குழுத்தோழி அஸ்லாக் அதைப் பார்த்ததும் கூப்பிட்டாள். அவன் துண்டித்தான். அவள் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டாள். தூர்ஹில்ட் அவளை நேரில் பார்த்ததே இல்லை. வெளியேற வேண்டிய கெட்ட காற்று ரத்தத்தில் தங்கியதால் வந்த மயக்கம், தூக்கமல்ல என்றார் மருத்துவர்.

நேற்றுதான் வீடு திரும்பினாள்.

“பக்கத்து ரூம்ல நான் இருந்தேன்” என்றான் ஸ்டைனார். “ஆம்புலன்ஸ்காரங்க கதவைத் தட்டறப்போ வாஃபிள் சுட்டுக்கிட்டிருந்தேன். என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்?”

“வாஃபிள் கருகிடுச்சா?”

“சிரிக்காத. வாரம் ஒருத்தர் அந்தக் குழுவுல சாகறாங்க, நீ இங்க உக்காந்து அழற. போதும், விட்டுடு. நான் பார்த்துக்கறேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்க்கறேன்.”

பார்ப்பான். அதுதான் அவளுக்குப் பயம். அவன் கண்ணுக்கு அவள் எந்நேரமும் நின்றுபோகக்கூடிய ஒரு மூச்சு. குழுவிலோ, மூச்சு வாங்காமல் தலைக்குக் குளிப்பது எப்படி என்று புதியவர்களுக்குச் சொல்லித் தருபவள்.

போன் அதிர்ந்தது. அஸ்லாக். ‘மணி எட்டு அம்பத்திரண்டு. கோப்பை எங்கடி? இந்தத் தடவை ஹெலிகாப்டர் அனுப்பவா?’

“குடு” என்று ஸ்டைனார் கையை நீட்டினான். அந்தக் கையை அவளுக்கு இப்போதும் பிடிக்கும்.

ஆறிப்போன காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் படமெடுத்து அனுப்பினாள். போனைக் கம்பளிச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, காலிக் கோப்பையை அவன் கையில் வைத்தாள்.