ஏழாம் வெட்டில் பனி

1954 ஏப்ரலிலிருந்து எஸ்டேட் மாளிகையான ஹாலின் காட்டில், ஏழாம் வெட்டில் பனிக்காலம் முடியவே இல்லை. இரண்டு ஏக்கர் இடம்தான். வேலிக்கு இந்தப் பக்கம் பிரிம்ரோஸ் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், குயில் கூவும். அந்தப் பக்கம் கால் வைத்தால் உறைபனி நொறுங்கும். இங்கிலாந்தின் சஃபோக்கில் எங்கள் பக்கத்து ஆட்கள் எதற்கும் லேசில் அசர மாட்டார்கள். தபால் நிலையத்து அம்மாள் ஜூலையில் வெண்ணெயை அங்கேதான் வைத்தாள். "எர்னி, உங்க வெட்டுல ஒரு மீன் வெச்சுக்கட்டுமாப்பா?" என்று கேலி செய்தார்கள். அது ஏன் உறைந்தது என்பது காட்டு வேலைக்காரன் எர்னி த்ரோவருக்குத் தெரியும்.

ஹாலின் காட்டைப் பத்து வெட்டுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றில் ஹேசல் மரங்களை அடிக்கட்டை மட்டும் விட்டு வெட்டுவார்கள். வெயில் தரையில் விழுந்ததும், அதுவரை நிழலில் முடங்கிக் கிடந்த நீலமணிப் பூக்கள் கிளம்பி வரும், கட்டைகள் துளிர்விடும். தளிருக்கு மான் ஆலாய்ப் பறக்கும். அதனால் சுற்றிலும் சுள்ளி வேலி, நுழைய ஒரு படல். கடைசியாகக் கிளம்புகிறவன் படலைக் கட்ட வேண்டும். 1954 ஏப்ரலில் ஒரு மாலை கடைசி ஆள் எர்னி. பீர்க்கடையில் டார்ட்ஸ் போட்டிக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே விட்டுவிட்டு ஓடினான். விடிந்து பார்த்தால் ஒரு தளிர் மிச்சமில்லை. பூமொட்டெல்லாம் குளம்படியில் கூழாகிக் கிடந்தது. எஸ்டேட் மேனேஜர் கேட்டதும், "வில்ஃப்தாங்க கடைசியா கிளம்பினான்" என்று எர்னியின் வாயிலிருந்து வந்துவிட்டது. வில்ஃப் கார்லண்ட் பதினைந்து வருஷமாக ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவன். அவன் மறுத்துப் பேசவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். வேலையோடு எஸ்டேட் வீடும் போயிற்று. மனைவியோடு காகித ஆலை இருந்த ஊருக்குக் குடிபோனான். அவர்கள் சாமான் வண்டி பாலம் தாண்டியபோது ஏழாம் வெட்டில் பனி விழத் தொடங்கியது.

எர்னிக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சாப்பிட்டான், தூங்கினான், மகளை வளர்த்தான். ஆனால் வில்ஃப் என்ற பெயர் காதில் விழுந்தாலே வெட்கத்தில் கூசிப்போவான். பதினோராவது ஏப்ரலில் பஸ் ஏறினான்.

வில்ஃபின் வீட்டுக் கொல்லை முழுக்க சிமெண்ட் தரை. அதைப் பிளந்துகொண்டு, அவர்கள் குடிவந்த வருஷத்திலிருந்தே, நீலமணிப் பூக்கள் பூத்துக்கொண்டிருந்தன. மேலே கொடியில் சட்டைகள் காய்ந்தன.

"படலைத் திறந்து போட்டது நான்தான், வில்ஃப்."

"தெரியும்டா. உன் பூட்ஸ் தடம் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா வாயைத் திறக்கல?"

"உன் வீட்ல பொறந்து ஆறு நாள் குழந்தை. எங்களுக்கு அதெல்லாம் இல்ல. யாராவது ஒருத்தன் வீட்டைக் காலி பண்ணித்தான் ஆகணும். சரின்னு நான் கிளம்பிட்டேன்." வில்ஃப் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தான். "ஆனா நீ வர்றதுக்குப் பதினோரு வருஷம் ஆகும்னு நினைக்கலடா."

எர்னி குலுங்கி அழுதான். மறுநாள் மேனேஜரிடமும் பீர்க்கடையிலும் உண்மையைச் சொன்னான். மேனேஜர் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். வில்ஃப் திரும்பி வர மறுத்துவிட்டான். இனி பனி உருகிவிடும் என்று ஊரே சொன்னது. உருகவில்லை. எர்னி ஜூனிலும் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு அங்கே வேலி கட்டினான்.

இப்போது ஏப்ரலானால் ஊரார் பஸ் பிடித்து, எங்கள் காட்டுப் பூக்களைப் பார்க்க வில்ஃபின் கொல்லைக்குப் போகிறார்கள். எர்னி கடைசியாகத்தான் உள்ளே வருவான். வில்ஃப் பூக்களுக்கு நடுவிலிருந்து, "எர்னி, கேட்டை மூடிட்டு வாடா!" என்று கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். எர்னி கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்ப்பான். இரண்டடி நடந்து, திரும்பிப் போய் இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பான்.