அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பெண்

கோமளாவுக்கு எதையும் சும்மா நம்பிப் பழக்கமில்லை. பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவள். ஒரு நாள் காய்ச்சலுக்கு நாலு நாள் பில் நீட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, பால்காரர் சிரித்தால்கூட இன்றைக்குத் தண்ணீர் கூடுதலோ என்று யோசிக்கிற நிலைக்கு வந்திருந்தாள். அப்படிப்பட்டவள் இணையதளத்தில் வீடு தேடினால் எப்படி இருக்கும்?

கோவில்பதாகை வீட்டின் விளம்பரத்தை ஒரு மாதமாகக் குடைந்துகொண்டிருந்தாள். ஆவடி ஸ்டேஷனுக்கு ஐந்தே நிமிடம் என்று போட்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம் ஆயிற்று. ஹெலிகாப்டரில் போய்ப் பார்த்திருப்பார்கள் போல. ஆயிரத்து நூறு சதுர அடி என்றார்கள். டேப் பிடித்தால் தொள்ளாயிரத்து எழுபதுதான் வந்தது. 'பத்திரத்தில் எந்தச் சிக்கலும் இல்லை' என்று இன்னொரு வரி. அதற்கு எந்த டேப்பைப் பிடிப்பது?

"வக்கீல் பாத்துட்டாரு. பட்டா இருக்கு, வில்லங்கச் சான்று சுத்தமா இருக்கு. இன்னும் என்னதான் வேணும் உனக்கு?" என்றான் அவள் கணவன் மனோகரன். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆறு வருடத்தில் மூன்றாவது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருந்தார். திண்டிவனத்தில் அவன் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற பணமும் கோமளாவின் நகையும் சேர்ந்துதான் முன்பணம். வெள்ளிக்கிழமை காலையில் கொடுப்பதாகப் பேச்சு. ஏமாந்துபோனால் இந்த ஜென்மத்தில் இன்னொரு வீடு கிடையாது.

வியாழக்கிழமை மாலை காய்கறி நறுக்கிக்கொண்டே விளம்பரப் படங்களைப் போனில் மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். ஏழாவது படம் படுக்கையறை. சுவர் அலமாரி எவ்வளவு பெரியது என்று காட்டுவதற்காகக் கதவை விரியத் திறந்து எடுத்திருந்தார்கள். கதவின் உள்பக்கம் ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் பெரிதாக்கினாள். மஞ்சள் நீராட்டு விழாப் படம். மாலையோடு ஒரு பெண், இரண்டு பக்கமும் அப்பா அம்மா, ஓரத்தில் மீசை முளைக்காத நாகப்பன். இன்றைக்கு வீட்டை விற்கிற அதே நாகப்பன். படத்தின் அடியில் ஸ்டூடியோக்காரர் அச்சடித்திருந்தார்: செல்வி அருள்மொழி.

பத்திர நகல்களோடு வந்திருந்த வாரிசுச் சான்றை எடுத்துப் பார்த்தாள். நாகப்பனின் இறந்துபோன அப்பாவுக்கு வாரிசு இரண்டே பேர். மனைவி சாவித்திரி, மகன் நாகப்பன்.

"சித்தப்பா பொண்ணா இருக்கும், விடு" என்றான் மனோகரன்.

"அடுத்தவன் பொண்ணு தோள்ல கை போட்டு, இப்படிப் பூரிச்சுப்போய் எவன் நிப்பான்? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறானுங்க."

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கோவில்பதாகை வீட்டில் நாகப்பன் இருவருக்கும் நாற்காலி போட்டு உட்காரவைத்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவன். இதற்காக லீவு போட்டிருந்தான். அவன் அம்மா சாவித்திரி சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கோமளா நேரே படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். கதவில் படம் இல்லை. சுரண்டிய கறைதான் இருந்தது.

"இங்க ஒரு பொண்ணு படம் இருந்துச்சே, யாரு அது?" என்று போனில் விளம்பரப் படத்தைக் காட்டிக் கேட்டுக்கொண்டே வெளியே வந்தாள்.

நாகப்பன் தடுமாறவில்லை. "என் தங்கச்சி. அது செத்துப்போச்சு மேடம்."

"அப்ப இறப்புச் சான்று குடுங்க. ஒரு ஜெராக்ஸ் போதும்."

"சர்டிபிகேட் இன்னாத்துக்கு? பதினாறாம் நாள் காரியம் பண்ணி தெருவுக்கே சோறு போட்டோம். யார வேணா கேட்டுப் பாருங்க."

"எப்படித் தவறிட்டாங்க?" என்றான் மனோகரன், பாவப்பட்டு.

"பட்டாபிராம்ல ஜேம்ஸுன்னு ஒருத்தங்கூட ஓடிப் பூட்டா. நைனா அன்னிக்கே தலைமுழுகிட்டாரு."

"அப்ப உயிரோட இருக்காங்க" என்றாள் கோமளா.

"உங்களுக்கு உயிரோட கீறா. எங்களுக்குச் செத்துட்டா."

"வாரிசுச் சான்று வாங்கறப்ப இதை யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. ஒரே புள்ளன்னு சொன்னேன். சாட்சிக்குக் கையெழுத்து போட்டவனும் அந்தக் காரியத்துல சாப்ட்டவன்தானே."

திருடனைப் பிடிக்க வந்தவளுக்கு அவன் முகத்தில் திருட்டுக் களையே தெரியவில்லை. அவன் மனதறிந்து பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளை நடுங்க வைத்தது. திருடனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"நாளைக்கு அவங்க கோர்ட்டுல வந்து நின்னா எங்க நிலமை என்ன? அப்பா சொத்துல அவங்களுக்கும் பங்கு இருக்கு. அவங்க கையெழுத்து இல்லாம நாங்க மட்டுமில்ல, வெவரம் தெரிஞ்ச எவனும் இதை வாங்க மாட்டான்."

"காரியம் பண்ணவளைக் கூட்டினு வந்து கையெழுத்து வாங்கச் சொல்றீங்களா? நாலு பேரு மூஞ்சில நான் முழிக்க வேணாம்?" நாகப்பன் எழுந்து நின்றுவிட்டான்.

அதுவரை வாயே திறக்காத சாவித்திரி, "அந்தப் படம் உன் போன்ல இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

கோமளா போனைக் கொடுத்தாள். சாவித்திரி அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "கதவுல மாட்டுன துணிக்குப் பின்னால ஒளிச்சு ஒட்டி வெச்சிருந்தேன். படம் புடிக்க வந்தவன் துணியெல்லாம் எடுத்துட்டு விரியத் தொறந்துட்டான். இவன் பாத்துட்டு சுரண்டிட்டான்" என்றாள்.

"எம்மா, நீ சும்மா இரு" என்றான் நாகப்பன்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. "கையெழுத்துன்னா, அவ நேர்லயே வரணுமா?"

"ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நேர்ல வந்துதான் ஆகணும்மா."

"நானும் வரணும்ல?"

"ஆமா. நீங்க, உங்க பையன், அவங்க, மூணு பேரும் வரணும்."

சாவித்திரி போனைத் திருப்பித் தந்தாள். வலது கைக் கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "அவ வராம இந்தக் கை ரேகை வெக்காது. ஊட்ட வித்தாலும் சரி, விக்காட்டியும் சரி."

நாகப்பன் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினான். மனோகரன் காசோலையைப் பையில் திரும்ப வைத்தான். வீடு கைநழுவிப்போயிற்று என்று கோமளாவும் கிளம்பத் திரும்பினாள்.

சாவித்திரி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒம்போது வருசமாச்சு கண்ணு, அவளப் பாத்து. அந்த ஆபீஸ்ல எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெப்பாங்களா?"

"வெப்பாங்கம்மா. பேர் கூப்பிட ரொம்ப நேரம் ஆகும்" என்றாள் கோமளா.