ஒரே தகடு, இருபது வட்டங்கள்

தங்கை அச்சடித்த கறுப்பு வட்டம் தாளுக்குத் தாள் ஒரு விரற்கடை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. மண்ணையும் வானத்தையும் பற்றி அக்கா எழுதிய கவிதையைப் படித்துவிட்டு அவள் செம்புத் தகட்டில் செதுக்கிய வட்டம் அது. பார்த்த அன்றே, இதில் என் கவிதை எங்கே இருக்கிறது என்று கேட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவள்தான் அக்கா. ஒரே தகட்டில் அடித்த தாள்கள் இம்மி பிசகாமல் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. கண்காட்சிக்காரர் கொடியில் காய்ந்த இருபது தாள்களையும் பார்த்துவிட்டு, இருபது தகடு வைத்து யார் காதில் பூச்சுற்றுகிறாய் என்றார். பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த முதல் கண்காட்சி. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் சொல்லாவிட்டால் சுவர் வேறொருவருக்கு.

கோபத்தில் அக்காதான் திருட்டுத்தனமாக வந்து தகட்டில் கைவைக்கிறாள் என்று தங்கைக்குச் சந்தேகம். பட்டறையின் இன்னொரு சாவி அவளிடம் இருந்தது. தங்கை பூட்டை மாற்றினாள், வாசலில் முகப்பவுடரைத் தூவினாள். பவுடரில் பூனைத் தடம்கூட விழவில்லை. அடுத்து அடித்த தாளிலும் வட்டம் நகர்ந்திருந்தது. ஜன்னல் வழியாக வந்திருப்பாள் என்று, மூட்டுவலிக்கார அக்காவை மனசுக்குள்ளேயே மூன்று மாடி ஏற்றிவிட்டாள். பிறகு வரவழைத்து நேராகவே கேட்டாள். அக்கா வெகுநேரம் தாள்களையே பார்த்தாள்.

“சுத்துற பூமியப் பத்திதானேடி எழுதினேன். அது ஒரே இடத்துல நிக்கும்னு எப்படி நெனச்ச?”

“பேச்ச மாத்தாதக்கா. சாவியக் குடு.”

எந்தப் பூட்டையும் திறக்காத அந்தச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு அக்கா இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, கண்காட்சிக்காரரின் கண்ணெதிரே தங்கை அதே தகட்டில் மூன்று தாள் அடித்தாள். மூன்றிலும் வட்டம் நகர்ந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சரி, தகட்டை முடித்துவிடு என்றார். இனி யாரும் அச்செடுக்காதபடி தகட்டின் குறுக்கே கீறிவிடுவது வழக்கம். தங்கை ஊசியால் கீறினாள். அதோடு அந்தப் பட்டறையில் மட்டும் பொழுது நின்றுபோனது. தெரு இருட்டிய பிறகும் அவள் ஜன்னலில் நாலு மணி வெயில் அடித்தது.

கண்காட்சி நன்றாகவே நடந்தது. அக்கா வரவில்லை. வீண்பழி போட்டோமே என்று தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. மழைக்காலம் வந்ததும் கீழ்வீட்டுக்காரர்கள் துணி காயப்போட இடம் கேட்டு வந்தார்கள். மூன்றாம் வாரம், ஒரு வாளி ஈரத்துணியோடு அக்காவும் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். தங்கை புதுப் பூட்டின் சாவி ஒன்றை வாளிப் பக்கத்தில் வைத்தாள்.

“எதுக்கு? நாளைக்கு எது நகந்தாலும் எம்மேல பழி போடவா?”

தங்கை வாளித் துணியை உதறிக் கொடியில் போட்டாள். அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். துணி காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு நேரமாகவில்லையா என்று தங்கை கேட்டதற்கு, மணி நாலுதானே ஆகுது என்றாள்.